வில்லை உருகினால் உத்தரவாதம் இல்லை

"என்ஜின் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால், "எவ்வளவு செலவாகும்?" என்றுதான் அடுத்தவர் கேட்பார். "ஏன் போனது?" என்று கேட்பவர்கள் குறைவு. தேய்ந்தது அது, புகை தள்ளியது அது, எனவே அதை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றினால் கணக்குத் தீர்ந்தது என்பது பொதுவான எண்ணம். எனக்கு இதில் வெகுநாளாகவே ஒரு நெருடல் இருந்தது. ஆனால் அது என்னவென்று விளக்கிச் சொல்லத் தெரிந்ததில்லை. சென்ற ஆண்டு என் காருக்கு ரீகண்டிஷன் என்ஜின், அதாவது ஆலையில் பிரித்துப் புதுப்பித்த பழைய என்ஜின், வாங்கியபோது, அதன் மேல்பகுதியான ஹெட்டில் ஒட்டியிருந்த விரல்நகம் அளவு வில்லை ஒன்றுதான் அந்த நெருடலை எனக்குப் பிடித்துக் காட்டியது. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. வில்லையைப் பற்றிய யோசனைதான் இன்னும் ஓடி முடியவில்லை.

வண்டி என்னிடம் வருவதற்குள்ளேயே இரண்டு கை மாறியிருந்தது. கொஞ்ச காலமாக ஆயில் குடித்தது, மேட்டில் இழுவை இல்லை, பின்னால் நீலப் புகை. நீலப் புகையைக் கண்டதும், பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரை அழுத்திப் பிடிக்கும் ரிங் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். வால்வுத் தண்டுகளில் இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போனாலும் ஆயில் எரியும். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் குபுக்கென்று ஒருமுறை புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் சீல்தான் காரணம். அதற்கு என்ஜினை இறக்க வேண்டியதே இல்லை. என்ஜினின் அடியில் கிராங்க் தண்டு சுழலும் பகுதியின் ஆவியை வெளியேற்றும் சின்ன வால்வு அடைத்துக்கொண்டாலும் இதே நாடகம் நடக்கும். முடுக்கும்போதெல்லாம் விடாமல் புகை வந்தால்தான் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் சந்தேகிக்க வேண்டும். என் வண்டி இந்தக் கடைசி வகை.

மெக்கானிக் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மானியை ஒவ்வொரு துளையிலும் திருகி, என்னை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டுக்கு மேல் காட்ட வேண்டிய முள், ஒரு சிலிண்டரில் 90இல் நின்றுவிட்டது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மறுபடி சுற்றச் சொன்னார். முள் சட்டென்று 130ஐத் தாண்டியது. விட்ட ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது; வால்வில் கசிவு இருந்திருந்தால் ஆயில் விட்டும் முள் பெரிதாக அசைந்திருக்காது. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, பதில் நமக்குப் பாதகமாக இருந்தாலும்கூட. "ரிங்தான் தம்பி. கீழே எல்லாமே தேய்ந்துவிட்டது. பிரித்துச் செய்யலாம், அல்லது தயாராக வருவதை வாங்கிப் போடலாம்" என்றார்.

பிரிப்பதா, வாங்குவதா

இதில் அண்ணனின் மனம் எந்தப் பக்கம் என்பது சொல்லாமலே தெரிந்தது. அவர் பிரித்துச் செய்து வளர்ந்தவர். சிலிண்டரைப் போரிங் போட்டு, அதாவது குடைந்து அகலமாக்கி, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனை இறக்குவது, கிராங்கை அரைத்து அதற்கேற்ற பேரிங் போடுவது, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. அந்தத் திறமையின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு என்ஜின் நன்றாக அமைவது கைத்திறத்தால் மட்டும் அல்ல, அளவெடுப்பதாலும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்பதற்கு விடப்படும் இடைவெளி பல கார்களில் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான். தலைமுடி அதைவிடத் தடிமன். இதை ஒவ்வொரு பேரிங்கிலும் அளந்து, சிலிண்டரின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே விட்டமா என்று பார்த்து, சுவரை நுண்மையாகத் தேய்க்கும் ஹோனிங் போட்டபின், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கின் ஒவ்வொரு ஆயில் பாதையையும் துகள் இல்லாமல் கழுவ வேண்டும். இதையே நாள் முழுவதும் செய்யும் ஆலையில் இது வழக்கம். பல வேலைகளுக்கு நடுவே என்ஜின் பிரிக்கும் பட்டறையில் அன்றைய நாள் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, இக்கால அலுமினியப் பிளாக்குகள் சிலவற்றில் சிலிண்டர் சுவரே நிக்கல், சிலிக்கான் கார்பைடு பூச்சால் ஆனது. பழைய முறையில் போரிங் போட்டால் பூச்சே போய்விடும்.

ஆலையில் புதுப்பித்து மாற்றித் தருவது நேற்றுப் பிறந்த யோசனையும் அல்ல. வோல்க்ஸ்வேகன் 1947இலேயே பழைய என்ஜின்களை வாங்கிப் புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கியது. ரெனோ நிறுவனம் 1949இல் பாரிஸை அடுத்த ஷுவாஸி லெ ருவாவில் இதற்கென்றே ஓர் ஆலையை அமைத்தது. போர் முடிந்து இரும்புக்கும் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. இன்று இதே காரியத்துக்குச் சுற்றுச்சூழல் நியாயம் ஒன்று சேர்ந்திருக்கிறது: புது என்ஜின் செய்வதைவிடப் புதுப்பிப்பதற்கு 68 முதல் 83 விழுக்காடு குறைவான ஆற்றலே போதும் என்று 2004இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நான் வாங்கியதற்குக் காரணம் அதுவல்ல. உத்தரவாதம்தான் காரணம். எழுத்தில் ஒரு பொறுப்பு, அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. நேரடியான ஆசை.

பெட்டியைத் திறந்தபோது

என்ஜின் மரச்சட்டத்தில் திருகப்பட்டு, பிளாஸ்டிக் உறை போர்த்தி வந்தது. திறந்தவுடன் துரு காக்கும் எண்ணெயின் வாடை. எல்லாத் துளைகளுக்கும் மூடி போட்டிருந்தார்கள். இன்டேக், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர், சென்சார்கள் எதுவும் கிடையாது. பிளாக்கும் ஹெட்டும் உள்ளே இருக்கவேண்டியவையும் மட்டும். மற்றவற்றைப் பழைய என்ஜினிலிருந்து கழற்றித்தான் மாட்ட வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, ஹெட்டின் பின்பக்க மூலையில் பசையால் ஒட்டியிருந்த வில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொன்று. வெளிவட்டம் கெட்டியான உலோகம், நடுவில் மட்டும் மங்கலான வெள்ளிநிறப் பொட்டு.

அது என்னவென்று கேட்டேன். "ஒற்றன்" என்றார் அண்ணன். அந்தப் பொட்டு, சீக்கிரம் உருகும் கலவை உலோகம். ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உருகி விழுந்துவிடும். என்ஜின் பழுதாகித் திரும்பி வந்தால் ஆலைக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். பொட்டு இல்லையென்றால் என்ஜின் கொதித்திருக்கிறது; உத்தரவாதம் அத்தோடு முடிந்தது. பிறகு பேச்சே இல்லை. அண்ணனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பணத்தை வாங்கிக்கொண்டு நழுவுவதற்கு ஆலைக்காரர்கள் செய்துவைத்த தந்திரம் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அங்கே நின்று அந்தப் பொட்டைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ஆயிரக்கணக்கான என்ஜின்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். எது என்ஜினைக் கொல்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வாங்குகிறவர் கண்ணில் படும்படி அவர்கள் ஒட்டியனுப்பியிருப்பது ரிங்கைப் பற்றியோ பிஸ்டனைப் பற்றியோ எச்சரிக்கை அல்ல. வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கை. அதாவது, எங்கள் என்ஜினைக் கொல்லப்போவது உங்கள் கார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

டாஷ்போர்டில் வெப்ப முள் இருக்கிறதே, அது காட்டாதா என்று கேட்கலாம். முள் அளப்பது என்ஜினைக் குளிர்விக்கும் நீரை, அதாவது கூலண்டை. வில்லை அளப்பது உலோகத்தை. ஹோஸ் வெடித்துக் கூலண்ட் வெளியேறிவிட்டால், சென்சாரின் முனை நீரில் இல்லாமல் வெறும் ஆவியில் தொங்கும். அப்போது ஹெட் வெந்துகொண்டிருக்க, முள் இறங்கியும் காட்டலாம். இது போதாதென்று, ஓட்டுநர் பதறக்கூடாது என்பதற்காகவே பல கார்களில் முள்ளை நடுவில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐ நெருங்கினாலும் அது அசையாது. நம்மை நிம்மதியாக வைத்திருக்கும் முள் ஒருபக்கம், நாம் ஒருபோதும் பார்க்காத வில்லை இன்னொருபக்கம். இரண்டில் எதற்கு நேர்மை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போது பழைய என்ஜின் வண்டியிலேயே இருந்தது. புகைந்தாலும் ஓடும் நிலைதான். "இறக்குவதற்குமுன் ரேடியேட்டரைப் பார்த்துவிடலாமா அண்ணா?" என்றேன். கொஞ்சம் சலித்துக்கொண்டாலும் ஸ்டார்ட் செய்து சூடேற விட்டார். சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுடத் தொடங்கியதும், தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் துப்பாக்கியை எடுத்து ரேடியேட்டரின் முகத்தில் வரிவரியாக ஓட்டினார். மேல்வரிசைக் குழாய்களில் 85, 84, 80. சீராக இறங்க வேண்டிய எண், நடுவில் ஒரு பெரிய திட்டில் 40ஐ ஒட்டிக் கிடந்தது. அங்கே நீரோட்டமே இல்லை, அடைப்பு. கீழ்க்குழாயைக் கழற்றியபோது வடிந்தது செங்காவி நிறத்தில் இருந்தது. யாரோ வெகுகாலம் கூலண்டுக்குப் பதில் வெறும் நீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஹெட்டைக் கழற்றினோம். அதன் முகத்தில் முன்பு ஒருமுறை சமப்படுத்திய அரைப்புக் கோடுகள் தெரிந்தன. ஆக, இந்த என்ஜின் ஏற்கெனவே கொதித்து, ஹெட் வளைந்து, அதை மட்டும் சரிசெய்து கை மாற்றிவிட்டிருக்கிறார்கள். அளவுமீறிச் சூடான பிஸ்டன் ரிங் தன் விறைப்பை இழந்துவிடும். பிறகு அது சுவரை அழுத்திப் பிடிக்காது. நாங்கள் மானியில் பார்த்த 90 அங்கிருந்து வந்தது. ரிங் தேய்ந்ததும் உண்மை, கொலை செய்தது ரேடியேட்டர் என்பதும் உண்மை. அந்த ரேடியேட்டர் இன்னும் அதே இடத்தில், அடுத்த என்ஜினுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகும் வீட்டுக்குப் புது மெத்தை வாங்கிய கதையாகியிருக்கும்.

கூடவே ஏறும் பழையவை

அதன்பிறகு புது என்ஜினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. பழைய என்ஜினிலிருந்து எதெல்லாம் கழன்று புதிதில் ஏறப்போகிறது என்பதுதான் கவலை. பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொலைத்திட்டம் இருக்கிறது. இன்ஜெக்டர் ஒன்று சொட்டினால், பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்; புது ரிங்குகள் ஆயிலில்லாத சுவரில் உரசிப் பாழாகும். வெடித்த வேக்குவம் ஹோஸ் கணக்கில் வராத காற்றை உள்ளே விடும்; கலவை மெலிந்து எரியறை அளவுமீறிச் சூடேறும். பேரிங் உடைந்து செத்த என்ஜினாக இருந்தால் ஆயில் கூலர் மிக மோசம். அதன் நுண்ணிய பாதைகளில் தங்கிய உலோகத் துகளை எவ்வளவு கழுவினாலும் முழுவதும் எடுக்க முடியாது. புது என்ஜினின் முதல் சுற்றிலேயே அந்தத் துகள் புது பேரிங்குக்குப் போய்ச் சேரும். டர்போ இருந்தால் அதற்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய்க்கும் இதே விதி. புதுப்பித்துத் தரும் பல நிறுவனங்கள் ஆயில் கூலரை மாற்றியதற்கு ரசீது கேட்பது வீண் கெடுபிடி அல்ல.

எங்கள் செலவுப் பட்டியல் ரேடியேட்டர், அதன் மூடி, தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களும், வாட்டர் பம்ப், என்ஜின் மவுண்டுகள், கிளட்ச் என்று நீண்டது. மூடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது கூலண்டை அழுத்தத்தில் வைத்திருக்கிறது; அழுத்தம் இருந்தால்தான் கொதிநிலை உயரும். சுருள்கம்பி தளர்ந்த மூடி, நல்ல ரேடியேட்டரையும் சீக்கிரமே கொதிக்க வைக்கும். கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்ஜின் வெளியே இருக்கும்போது மாற்றினால் தனிக் கூலி கிடையாது. பிறகு மாற்ற வேண்டியிருந்தால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். இதைப் புரியவைக்க அண்ணன் என்னிடம் சிரமப்படவில்லை. ரேடியேட்டர் விஷயத்தில்தான் நான் அவரிடம் சிரமப்பட்டேன்.

இன்னொரு வகைப் பழையதும் உண்டு: காரின் கம்ப்யூட்டர். இரண்டு என்ஜின்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், மவுண்ட் துளைகள்கூடப் பொருந்தும், ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 என்ஜின்கள் இதற்குப் பேர்போனவை. கிராங்கில் சுழன்று, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சென்சாருக்குச் சொல்லும் பல்சக்கரத்தில் முந்தைய தலைமுறைக்கு 24 பல் என்று கணக்கு, பிந்தையதற்கு 58. கம்ப்யூட்டர் ஒன்றை எதிர்பார்த்து மற்றது சுழன்றால், கிராங்க் எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. வாங்குமுன் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் பிளாக்கில் பொறித்த எண்ணையும் வண்டியின் அடிச்சட்ட எண்ணையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஏற்றிய பிறகு

கியர்பாக்ஸோடு என்ஜினைக் கூட்டும் வேலையில் விரிவாக எழுத எனக்குத் தகுதியில்லை. அண்ணன் செய்தார், நான் விளக்குப் பிடித்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் தடித்த எர்த் பட்டையை அவர் எல்லாவற்றுக்கும் முதலில் மாட்டினார். அதை மறந்துவிட்டால் ஸ்டார்ட்டரின் மொத்த மின்சாரமும் வேறு வழி தேடும். கியர் கேபிளின் உள்கம்பி பழுக்கக் காய்ந்து உறை உருகியதைப் பார்த்திருக்கிறாராம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருள் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றினார். ஆயில் பேரிங்குகளுக்குப் போய்ச் சேருமுன் என்ஜின் தன் பலத்தில் ஓடக்கூடாது. அடுத்தது காற்று. காலியான கூலிங் பாதையில் கூலண்ட் ஊற்றும்போது ஹெட்டின் உச்சியில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்து உலோகத்தைக் குளிர்விக்க நீர் இல்லை. வில்லை முதல் நாளே உருகுவது இப்படித்தான். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் நின்று கூலண்ட் கம்பியாக வரும்வரை ஊற்றிக்கொண்டேயிருந்தார். வில்லையை ஏளனம் செய்கிறவர்தான் அதைக் காப்பாற்ற இவ்வளவு பொறுமை காட்டினார். அதைச் சுட்டிக்காட்டியபோது, "நான் வில்லைக்காகச் செய்யவில்லை தம்பி, ஹெட்டுக்காகச் செய்கிறேன்" என்றார். இந்தப் பதிலுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆலைக்காரரும் அவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள், ஒருவரையொருவர் நம்பாமல்.

புது என்ஜினை எப்படிப் பழக்குவது என்பதில் ஆளுக்கொரு வேதம் உண்டு. பூப்போல ஓட்டு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தினால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று படியும். மிக மெதுவாகவே ஓட்டினால் ரிங் படியாமல் சுவர் வழவழப்பாகிவிடும், பிறகு ஆயில் குடிக்கும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகாமல், நடுத்தரமாக முடுக்கியும் விட்டும் ஓட்டினேன். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் எண்ணை மாற்றும் வேலையையும் அந்த நாட்களிலேயே முடித்தேன். எண் பொருந்தாத என்ஜினுக்கு விபத்துக் காப்பீடு கேட்கப்போனால் அது தனிக்கதையாகும்.

பழைய என்ஜினை ஆலைக்குத் திருப்பி அனுப்பி, அதைத் தருவதற்கு ஈடாக முன்பே கட்டியிருந்த வைப்புத்தொகையை வாங்கிக்கொண்டேன். பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் தொகை கிடைத்திருக்காது. எங்களுடையது தேய்ந்ததே தவிர உடையவில்லை. 1,000 கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றினோம். அண்ணன் பழைய ஆயில் ஃபில்டரின் தகரத்தை அறுத்து, உள்ளிருந்த மடிப்புத் தாளை வெயிலில் விரித்தார். லேசான சாம்பல் மினுமினுப்பு இருந்தது. ரிங் படியும்போது அது வரத்தான் செய்யும். காந்தத்தை ஓட்டியதில் செதில் எதுவும் ஒட்டவில்லை, செம்புநிறத் துணுக்கும் தென்படவில்லை. ஹெட்டின் மூலையில் பொட்டு அப்படியே இருக்கிறதா என்று நான் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். "இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். அடுத்த வரிசையில் ஹெட் கேஸ்கெட் போன வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் உரிமையாளரிடம் அவர் முதலில் கேட்டது, ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள் என்பது.